முக்குளிப்பானா, காணான்கோழியா?

1

இந்தக் கதை ஒரு பால் பாக்கெட்டில் பிறந்தது. பாபநாசத்தில் பறவை பார்க்கிறவர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. நானும் அதில் இருக்கிறேன், பேருக்கு. ஒருநாள் காலை அதில் மங்களாம்பிகை எழுதியிருந்தார்: 'வீட்டில் பால் இல்லை. யாராவது வாங்கி வந்தால் நல்லது.' சற்று நேரத்தில் குழுவின் அட்மின் தியாகராசன் கட்டைவிரலை உயர்த்தினார். இருவரும் கணவன் மனைவி. ஒரே வீட்டில் அடுத்தடுத்த அறையில் இருப்பவர்கள். நடுவில் நாங்கள் நாற்பது பேர்.

எழுதுகிறவனுக்கு அடுத்த வீட்டுச் சண்டை கிடைத்தால் விடுவானா? உட்கார்ந்துவிட்டேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'தை மாதத்து இளவெயில், அறுவடை முடிந்த வயல்களின் மீது பொன்னை உருக்கி ஊற்ற' — அடித்துவிட்டேன். பொன் விற்கிற விலையில் யாரய்யா வயலில் ஊற்றுவார்கள்?

அடுத்தது: 'அவள் பேச்சை நிறுத்திய அந்த நாளில்' — இதுவும் வேண்டாம். சோகக்கதை போல இருக்கிறது. (இது சோகக்கதை இல்லை. இந்த வரி வரைக்கும் அப்படித்தான் நம்புகிறேன்.)

நேராகவே சொல்கிறேன். பொங்கலை ஒட்டி ஊருக்குத் தெற்கே உள்ள ஏரியில்* பறவைகளைக் கணக்கெடுத்துக்கொண்டிருந்தோம். ஆள் உயரச் சம்பங்கோரைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. கிலுகிலுவென்று மேலே தொடங்கிக் கீழே இறங்கும் குரல். மங்களாம்பிகை 'காணான்கோழி' என்றார். தியாகராசன் 'முக்குளிப்பான்' என்றார்.

பார்த்தால் குழப்பமே இல்லை. முக்குளிப்பான் நீரில் முங்கி முங்கி எழும், குழந்தைக்கும் தெரியும். காணான்கோழிக்குச் செங்கல் நிற மார்பு, சிவந்த கால். ஆனால் அது கோரையை விட்டு எளிதில் வெளியே வராது, கணக்கில் சேர்ந்தால் பெருமை. காதை மட்டும் நம்பும்போதுதான் வம்பு. காணான்கோழி முதலில் 'டிக்... டிக்...' என்று தனித்தனியாகத் தட்டிவிட்டுப் பிறகுதான் கிலுகிலுக்கும். முக்குளிப்பான் எடுத்த எடுப்பிலேயே சிரிக்கும். தட்டல் கேட்டது என்பது மனைவி கட்சி. கேட்கவே இல்லை என்பது கணவர் கட்சி.

அத்தோடு விட்டிருக்கலாம். மனிதர் குழுவில் எழுதினார்: 'மங்களம் கேட்டது முக்குளிப்பான்தான். ஆசை யாரை விட்டது!' கீழே சிரிக்கும் முகங்கள். மங்களாம்பிகை பாட்டு டீச்சர். காலமெல்லாம் பிள்ளைகளின் சுருதியைத் திருத்திய காது அது. அன்றிலிருந்து அவர் கணவரிடம் வாய் திறக்கவில்லை.

* பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் அடுத்த ஞாயிறே குடும்பத்தோடு வந்து கோரையை மிதிப்பீர்கள்.

3

தியாகராசனைக் கொடுமைக்காரராக எழுதிவிடலாமா என்று யோசித்தேன். கதைக்கு வசதி. ஆனால் டீக்கடையில் அவர் என்னிடம் சொன்னதை என்ன செய்வது?

"சண்டை போட்டாக்கூடப் பரவால்லங்க. இந்த 'என்னங்க'ங்கிற சத்தம் இல்லாம வீட்டுல இருக்க முடியல. திங்கக்கெழம மஸ்கட் போறா, பொண்ணு பிரசவத்துக்கு. திரும்பி வர ஆறு மாசம் ஆகும். பேசாமலே ஏறிப் போயிட்டான்னா நான் என்னங்க பண்றது?"

அந்த ஒரு 'என்னங்க'வில் அவருக்கு ஏழெட்டு வகை தெரியுமாம். காபி ரெடி ஒன்று. கொல்லையில் பாம்பு ஒன்று. வந்திருக்கும் உங்கள் தம்பி எப்போது கிளம்புவார் என்பது இன்னொன்று. எழுத்தில் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். காதுக்குத்தான் தெரியும் என்றார்.

4

ஞாயிறு விடியற்காலை. 'கோயிலுக்குப் போகிறேன். இட்லி ஹாட்பாக்ஸில்' என்று மங்களாம்பிகை குழுவில் எழுதினார். தியாகராசன் உடனே என்னைக் கூட்டிக்கொண்டு ஏரிக்குக் கிளம்பினார். போனில் முக்குளிப்பானின் குரலைப் போடுவது, கோரைக்குள்ளிருந்து பதில் வந்தால் பதிவுசெய்து வீட்டில் போட்டுக் காட்டுவது. இதுதான் திட்டம்.

(போனில் குரலைப் போட்டுப் பறவையை ஏமாற்றக் கூடாது என்பது குழுவின் முதல் விதி. எழுதியவர் அட்மின் தியாகராசன்.)

"சரி, நீங்க ஜெயிச்சுட்டா அவங்க பேசிடுவாங்களா?" என்று கேட்டேன். அதை அவர் யோசித்திருக்கவில்லை.

ஏரியின் அந்த மூலை குறுகலானது. கல் எறிந்தால் அக்கரையில் விழும். பனியும் கோரையும் அக்கரையை மறைத்திருந்தன. கரையில் குந்திக்கொண்டு போனை அழுத்தினார். முக்குளிப்பான் சிரித்தது. கொஞ்ச நேரம் கழித்துக் கோரைக்கு அப்பாலிருந்து வந்தது பதில்: 'டிக்... டிக்...' பிறகு கிலுகிலு.

அவர் முகம் தொங்கிப்போனது. மறுபடி போட்டார். மறுபடியும் அதே தட்டல்.

"அவ சொன்னதுதாங்க சரி," என்றார். சொல்லிவிட்டு அங்கேயே குழுவில் எழுதினார்: 'மங்களம் கேட்டது காணான்கோழிதான். நான்தான் தப்பு. எல்லாரையும் சிரிக்க வைத்ததற்கும் சேர்த்து மன்னிப்பு.'

அவர் அனுப்பிய அதே நேரத்தில் இன்னொரு செய்தி வந்து விழுந்தது. மங்களாம்பிகை: 'அவர் சொன்னதுதான் சரி. முக்குளிப்பான்தான். இப்போதுதான் என் காதால் கேட்டேன்.'

5

உங்களுக்குப் புரிந்துவிட்டது. எங்களுக்குக் கொஞ்சம் நேரமானது. கோயிலுக்குப் போனவர் அக்கரையில் உட்கார்ந்து, தன் கட்சியை நிரூபிக்கப் போனில் காணான்கோழியைக் கூவ விட்டுக்கொண்டிருந்தார்.

[நம்ப முடியவில்லையா? எனக்கும்தான். மாற்றி எழுதிப் பார்த்தேன். இதைவிட நம்பும்படியாக எதுவும் வரவில்லை, விட்டுவிட்டேன்.]

நாகப்பட்டினத்திலிருந்து ஹஸ்ஸான் குழுவில் கேட்டார்: 'அண்ணே, அக்கா, அப்ப ஏரியில இருக்கிறது எது?' தியாகராசன் எழுந்து நின்றார். பனிக்கு அப்பால் ஒரு மஞ்சள் புடவையும் எழுந்தது. கையும் களவுமாக இரண்டு போன்கள். அவர் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அந்த அம்மா கைப்பைக்குள் திணித்தார்.

அப்போதுதான், இரண்டு போன்களும் அடங்கிய பிறகு, நடுவே இருந்த கோரைக்குள்ளிருந்து நிஜமாகவே ஒரு குரல் கிலுகிலுத்தது. முன்னால் தட்டல் இருந்ததா? தெரியாது. அந்த நேரம் பார்த்து நான் பிளாஸ்க் மூடியைக் கீழே போட்டுத் தொலைத்தேன்.

6

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அ. கோரை விலகியது, செங்கல் நிற மார்போடு காணான்கோழி வெளியே — வேண்டாம். தியாகராசன் தோற்பார்.

ஆ. முக்குளிப்பான் நீந்தி வருகிறது. வேண்டாம். மங்களாம்பிகை தோற்பார்.

இ. அது தவளை. இரண்டு பேரும் தோற்பார்கள். எனக்குத்தான் இந்த ஊரில் இருக்க முடியாது.

நடந்தது இவ்வளவுதான். பறவையின் குரல் ஓய்ந்தது. அக்கரையிலிருந்து தண்ணீர் மேல் இன்னொரு குரல் வந்தது.

"என்னங்க."

தியாகராசன் அசையவில்லை. கண் மட்டும் நிறைந்திருந்தது. எந்த வகை என்று அவரிடம் மெதுவாகக் கேட்டேன். விரலை உதட்டில் வைத்து என்னை அடக்கினார். இன்னொரு தரம் வருமோ என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

நான் அந்த 'என்னங்க'வை எழுத்தில் போட்டுவிட்டேன். எழுத்தில் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். உங்கள் வீட்டில் கேட்கும் குரலில் அதை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். எந்த வகை என்று தெரிந்தால், திங்கட்கிழமை என்ன நடந்தது என்பதும் உங்களுக்குத் தெரிந்துவிடும்.