உருமால் கட்டிய தலை

“எனக்குப் பெறகு பேஸ்போல் டீம யாரு பாக்குறது, ரஜி?”

“மொதல்ல கஞ்சியக் குடிங்க. டீம் எங்கயும் ஓடிப் போயிராது.”

“ஓடத் தெரிஞ்சா நாங்க ஏன் தோக்குறோம்?” என்று சிவகரன் சிரித்தான். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. ரஜிதா அவன் முதுகைத் தடவிக்கொடுத்தாள். சட்டைக்குள் எலும்புதான் கையில் பட்டது.

“வெளயாட்டுக்குக் கேக்கல. ஒரு பேரு சொல்லு.”

அவளிடம் ஒரு பேர் இருந்தது. அவளுடைய பேர். படுக்கையில் கிடப்பவனிடம் உங்கள் இடத்தை எனக்குத் தாருங்கள் என்று எந்தப் பெண்சாதி கேட்பாள்? “தலைவரு பழனியாண்டி அண்ணன் இருக்காரே” என்றாள்.

“அவரா? பேஸ்ல நின்னுக்கிட்டே தூங்கிருவாரு.”

அந்த வாரமே சிவகரன் போய்விட்டான்.

இன்று அவனுடைய கருமாதி. மழை விட்டபாடில்லை. கோயில் மண்டபத்தில் பெண்கள் பக்கம், சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள் ரஜிதா.

வட்டவளைக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு பேஸ்போலைக் கொண்டுவந்தவன் சிவகரன். தோட்டப் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். நுவரெலியா வரை போய் ஜெயித்துவந்த டீம் அது. போன வருஷ மழையில் மைதானத்தின் ஒரு பக்கம் சரிந்து ஆற்றோடு போனது. பிறகு பையன்களும் ஒவ்வொருவராகக் கொழும்புக் கடைகளுக்கு வேலைக்கு இறங்கிவிட்டார்கள். ஒன்பது பேர் சேராமல், ஆடாமலேயே தோற்ற ஆட்டங்களும் உண்டு.

மிச்சமிருந்தவர்கள் ரஜிதாவால் மிச்சமிருந்தார்கள். பிள்ளைக் காம்பராவில் தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. வேலை முடிந்து குழந்தையைத் தூக்க வரும் தாய்மாரிடம், மூத்தவனை ஆட விடச் சொல்லி மல்லுக்கு நிற்பாள். யாரைப் பந்து வீச விடலாம், யாரை உட்காரவைக்கலாம் என்று சிவகரன் அடுப்படியில் உட்கார்ந்து அவளிடம்தான் கேட்பான். ஆனால் மைதானத்தில் அவளுக்கு இடம் கம்பி வேலிக்கு வெளியே. ஒரு நாள் உள்ளே கூப்பிடுவான் என்று கல்யாணமான புதிதிலிருந்து காத்திருந்தாள். உயிராக இருந்த மனிதன்தான். அவனுக்கு அது தோன்றவே இல்லை.

மகன் இல்லாததால் சடங்கையெல்லாம் சிவகரனின் தம்பி ஜனார்த்தனன் செய்தான். மாமன் வீட்டார் அவனுடைய மொட்டைத் தலையில் உருமால் கட்டினார்கள். செத்தவனின் பொறுப்பு இனி இந்தத் தலைக்கு என்று தோட்டமறியச் சுற்றும் வெள்ளைத் துண்டு.

தோட்டத் தலைவர் பழனியாண்டி தொண்டையைச் செருமினார். “டீமுக்கு மேனேஜரு யாருன்னு தனியா ஒரு கூட்டம் போடணுமா? கட்டுன உருமா கண்ணு முன்னால இருக்கு. ஜனாவே பாக்கட்டும்.”

ஆண்கள் தலையாட்டினார்கள். கோயில் சாவியும் காமன் கூத்துப் பொறுப்பும் அங்கே அப்படித்தான் கைமாறி வந்தன. பேஸ்போலுக்கு மட்டும் வேறு வழி யாருக்குத் தோன்றும்?

பந்து வீசும் திலக்ஷன் மட்டும், “ஜனா அண்ணே, நீங்க பேட் புடிச்சிருக்கீங்களா?” என்றான்.

“மேனேஜரு எதுக்குடா பேட் புடிக்கணும்? ஆளப் புடிச்சாப் போதும்” என்றான் ஜனார்த்தனன்.

கருமாதி என்றும் பாராமல் நாலு பேர் சிரித்துவிட்டார்கள்.

“கொழும்புல நான் நிக்கிற கடையில ஆளு கேக்குறாங்க. நாளைக்கே எல்லாப் பயலுகளையும் கூட்டிட்டுப் போறேன். ஞாயித்துக்கெழம வந்து ஆடுங்க, யாரு வேணாங்குறா?”

கொழும்புக்குப் போனவன் எவனும் ஆட்டத்துக்குத் திரும்பியதில்லை. தீபாவளிக்கு வருவான், தூங்குவான், போய்விடுவான். அது தெரிந்தும் தாய்மாரின் முகங்கள் தெளிவதை ரஜிதா பார்த்தாள். அவர்களைக் குறை சொல்ல அவளால் முடியவில்லை. லயத்து வீடுகளில் அடுப்பு எரிய வேண்டுமே.

“அண்ணிக்கும் இனிமே இந்தத் தொல்ல வேணாம்” என்றான் ஜனார்த்தனன், அன்பாகத்தான். “வீட்டுல கெடக்குற கிளவுஸ், ஹெல்மெட் எல்லாத்தையும் ஸ்கூலுக்கே குடுத்துருவோம்.”

ரஜிதா எழுந்தாள்.

“எங்க போற தாயி? தாலி கழட்டுன பொம்பள இன்னைக்கு சபைக்கு வரக் கூடாது” என்று மாமியார் அம்மாக்கண்ணு முந்தானையைப் பிடித்தாள். மகனைப் பறிகொடுத்த கை, அதில் பிடியே இல்லை. ரஜிதா மெல்ல விடுவித்துக்கொண்டு, ஆண்கள் உட்கார்ந்திருந்த பாயின் ஓரத்தில் போய் நின்றாள். பழனியாண்டி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“தம்பி, வீட்டுப் பொறுப்பு ஒங்களுக்குத்தான். உருமாவும் ஒங்களுக்குத்தான். அத நான் கேக்கல.” பாயின் மேல் ஓர் அடி எடுத்துவைத்தாள். “இத்தன வருசமா அவருகிட்டயே வாயத் தொறந்து கேட்டதில்ல. இனிமே கேக்கவும் அவரு இல்ல. தலைவரே, இங்கிட்டுப் பாருங்க. அந்த டீம எங்கிட்ட குடுங்க.”