முச்சந்தி பேனரில் பெரிய முகம்

…இன்னும் கொஞ்சம் மேல, லெஃப்ட்ல தூக்குங்க என்று உள்ளலங்காரம் பார்க்கும் சாருலதா மேடம் கீழேயிருந்து சொல்லிக்கொண்டேயிருக்க, தி.நகரில் திறக்கப்போகும் ஓட்டலின் சுவரில், கதவளவு ராஜதர்பார் படத்தின் ஒரு முனையை நரைமீசைச் சின்னப்பையனும் மறுமுனையை இளவட்டம் ஷோயபும் ஏந்தி நின்றார்கள், மூக்குக்கு நேராக ராஜா, அந்தக் காலத்து அச்சுப்படம், ராஜா மட்டும் பூசணிக்காய், மந்திரிகள் எலுமிச்சை, பின்னால் நிற்கிற ஜனமெல்லாம் கடுகு… அட, நம்ம முச்சந்தி பேனரேதான், இன்று சாயங்காலக் கூட்டத்துக்குக் கட்டினது, அங்கேயும் கட்சித் தலைவர் பூசணி, வட்டச் செயலாளர் செம்பியன் எலுமிச்சை, பேட்டை ஆட்கள் கீழ்வரிசையில் கடுகு, அளவு தப்பினால்தான் வம்பு, தப்பிவிட்டதே…

சின்னப்பையன் முகத்தையா கேட்டான், பெயரைத்தானே கேட்டான். ஐம்பது வயதுக்குமேல் எழுத்துக் கூட்டக் கற்றவனுக்குப் பொடி எழுத்து கண்ணில் நிற்காது, தன் பெயரைத் தானே ரோட்டில் நின்று படிக்க ஓர் ஆசை, பேனர் கடை ஃபராஸிடம், "பேரை கொஞ்சம் பெருசா போடு நைனா" என்றான், அந்தப் புண்ணியவான் பெயரையும் படத்தையும் சேர்த்தே இழுத்துவிட்டான், காலையில் பார்த்தால் செம்பியனைவிட ஒரு சுற்றுப் பெரிய மூஞ்சி, மீசையில் ஒட்டிய வெற்றிலைச் சுண்ணாம்புவரை தெரிகிறது… "ஊட்ல ஒரு பல்பு மாட்ட வக்கில்ல, தலைவர் பக்கத்துல இன்னா மொறைப்பு" என்று பெண்சாதி தாயம்மா சிரித்தாள், சிரித்தவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள், அந்த முழங்காலுக்குத்தான் புதுக் குடியிருப்பில் கீழ்த்தள வீடு வேண்டும், அதற்குச் செம்பியன்தான் தலைவரிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், இனி எங்கே சொல்வான்… இந்தப் படத்தில் யாராவது அளவு மீறியிருக்கிறானா? யானை ராஜாவைவிடப் பெரிது, யானையை யார் கேட்பது… முன்னால் ஒரு குதிரைக்காரன், ராஜா அளவே இருக்கிறான், ஆனால் முதுகுதான் தெரிகிறது, கெட்டிக்காரன், நாமும் முதுகைக் காட்டிப் படம் எடுத்திருக்கலாம்…

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. கையை விட்டால் ராஜா கீழே வருவார். ஷோயப் தன் முனையைத் தோளில் தாங்கி, ஒரு கையை நீட்டி எடுத்து, "செம்பியன் அண்ணன், மாமா, ஸ்பீக்கர்ல போட்டுக்கீறேன்" என்றான். நேற்றுவரை டேய் சின்னப்பையா என்ற அதே குரல், "அண்ணே, எங்க கீறீங்க?"

அண்ணேவா? கீறீங்களா?

"தலைவர் வண்டி முச்சந்தியாண்ட நின்னுச்சு. பேனரைப் பார்த்துட்டு, யாருய்யா இவரு, பேட்டைல பெரிய கையான்னு கேட்டாரு. நான் இன்னாத்த சொல்றது, ஆமான்ட்டேன். சாயங்காலம் மேடைல உங்களுக்கு நாற்காலி கீது. எதுனா வேணும்னா அவராண்ட நீங்களே கேட்டுக்கங்க."

"நேரா இருக்கா?" என்று மேடம் கேட்டார். கீழ்த்தள வீடு வாய்வரை வந்து நின்றது, பெரிய கை அதை எப்படிக் கேட்பான், கெஞ்சியா, அதட்டியா… கைகள் மேலே, அக்குளில் வியர்வை, மூக்குக்கு நேராக ராஜா, இவர் பெரிய ஆளாக இருந்ததால் பெரிதாகப் போட்டார்களா, இல்லை இவரும் அச்சடித்தவனிடம் போய்ப் பெயரை மட்டும் கொஞ்சம்…