திரும்பி வர விரும்பியவர்கள்

வீடு கட்டும் நிறுவனங்கள் வருஷத்தில் ஒரு வாரம் மகா நல்லவர்களாகிவிடும். ஆண்டறிக்கை அச்சுக்குப் போகிற வாரம் அது. இடித்த இடமெல்லாம் அப்போது புத்துயிர் பெற்றுவிடும். வெட்டிய ஒரு மரத்துக்கு இரண்டு மரம் நட்டாகியிருக்கும். நிறுவனத் தலைவர் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு, சட்டையில் பொட்டுத் தூசு இல்லாமல், செங்கல் அடுக்குக்கு முன்னால் நின்று சிரிப்பார்.

இந்த நல்லதனத்தையெல்லாம் எழுத்தில் வடித்துக் கொடுக்க அப்படி ஒரு நிறுவனத்தில் ஒருத்தி இருந்தாள். அலுவலகத்தில் அவளை அறிக்கைக்காரி என்பார்கள். முகத்துக்கு நேராகவே சொல்வார்கள், அவளும் சிரித்துக்கொள்வாள். வேலையில் குறை சொல்ல முடியாது. ஓர் எண்ணை எழுதுவதற்கு முன் மூன்று தடவை சரிபார்ப்பாள். இந்த வருஷம் கட்டி முடித்த வீடுகள் ஆயிரத்து எண்ணூற்று நாற்பது என்றால் ஒன்று கூடவோ குறையவோ இருக்காது. லாபம் பதினொரு சதவீதம் கூடியது என்று அவள் எழுதினால் பங்குதாரர்கள் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம்.

அவளுக்குப் பிடித்தது 'நிலைத்த நகர்ப்புறப் புத்துயிர்ப்பு' என்ற அத்தியாயம். பன்னிரண்டு பக்கம், வழவழப்பான தாள், பச்சை எழுத்து. மருத்துவமனைக்குப் பின்னாலிருந்த பழைய குடியிருப்பை இடித்துவிட்டு எழுப்பிய ஐந்நூறு வீடுகள்தான் இந்த வருஷத்துப் பெருமை. மழைநீர்த் தொட்டி எத்தனை, கூரையில் சூரியத் தகடு எத்தனை, பழைய செங்கலில் திரும்பப் பயன்பட்டது எவ்வளவு என்று எல்லாம் வந்து சேர்ந்திருந்தது. சுவரில் பதித்த பறவைக் கூடுகள் மட்டும் அறுநூற்றுப் பன்னிரண்டு. அதிலும் குருவிக்கு எத்தனை, வௌவாலுக்கு எத்தனை என்று தனித்தனிக் கணக்கு. அங்கே இருந்த மனிதர்களுக்கு ஒரே ஒரு வரி. 'திரும்பி வர விரும்பிய பழைய குடும்பங்களில் வீடு ஒதுக்கப்பட்டவை: நூறு சதவீதம்.'

அந்த வரியைப் படித்ததும் அவளுக்கு வயிறு குளிர்ந்தது. சும்மா இல்லை. அந்தக் குடியிருப்பில், இரண்டாவது கட்டடத்தின் மூன்றாவது மாடியில்தான் அவள் வளர்ந்தாள். அம்மா போன பிறகு, பன்னிரண்டு வயது மூத்தவளான அக்காதான் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து அவளைப் படிக்க வைத்தாள். அந்த மக்களை வெளியேறச் சம்மதிக்க வைக்க ஓர் ஆள் தேவைப்பட்டபோது, மூன்று வருஷத்துக்கு முன், நிறுவனம் அவளைத்தான் அனுப்பியது. உள்ளூர்ப் பெண், முகம் தெரிந்தவள். பிறகு என்ன, கதவு திறக்கும் என்று கணக்குப் போட்டார்கள்.

கதவெல்லாம் திறந்தது. கட்டி முடிந்ததும் திரும்பி வரலாம், வீடு உண்டு என்று அவள் சொல்லியும் கையெழுத்துதான் விழவில்லை. 'போனா போனதுதாம்மா, திரும்ப யாரு உள்ள விடுவாங்க?' என்றார் கீழ்வீட்டுக் குழாய்க்காரர். வருஷம் பூராவும் கசிவு கசிவு என்று புகார் எழுதியே அவருக்குக் கசிவு என்று பேர் நிலைத்துவிட்டிருந்தது. தையற்காரர் படிவத்தை நான்கு நாள் வைத்திருந்து, ஒரு வார்த்தை படிக்காமல் திருப்பிக் கொடுத்தார். இரண்டு வாரத்தில் ஒரு கையெழுத்துகூட இல்லை. கடைசியில் படிக்கட்டடியில் எல்லோரும் கூடி நின்று கத்திக்கொண்டிருந்தபோது, அக்கா வேலை முடிந்து வந்தாள். பையைக் கீழே வைத்தாள். 'எங்க போடணும்?' என்று கேட்டாள். போட்டாள்.

'இவ என் தங்கச்சி. இவ பொய் சொல்ல மாட்டா' என்றாள் கூட்டத்தைப் பார்த்து.

ஒரே வாரத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து. அந்த வருஷமே அவளுக்குப் பதவி உயர்வும் தனி மேஜையும் கிடைத்தன.

இப்போது வடிவமைப்பாளர்கள் ஒரு முழுப்பக்கப் படம் கேட்டிருந்தார்கள். திரும்பி வரும் குடும்பம் ஒன்று, புது வீட்டுப் பால்கனியில், சிரித்த முகமாக. அக்காவை விட்டால் வேறு யார்? அடுத்த மாதம்தான் சாவி கொடுக்கிறார்கள். அக்கா இதுவரை மூச்சு விடவில்லை என்றாலும் அவள் சுபாவமே அப்படித்தான், நல்லதையும் கெட்டதையும் நாலு பேர் சொன்ன பிறகுதான் சொல்வாள். அறிக்கைக்காரி ஒதுக்கீட்டுப் பட்டியலைத் திறந்து அக்காவின் பெயரைத் தேடினாள்.

இல்லை.

மறுபடி தேடினாள். கசிவு இல்லை. தையற்காரர் இல்லை. பட்டியலே ஒன்றரைப் பக்கம்தான். மொத்தம் நாற்பத்து மூன்று பேர்.

குடியிருப்போர் பிரிவு கீழ்த்தளத்தில், நகல் எந்திரத்துக்குப் பக்கத்து அறையில் இருந்தது. அங்கே இருந்த எழுத்தர் எதற்கும் ஒரு பட்டியல் வைத்திருப்பவர். தண்ணீர்க் குப்பியை யார் எடுத்தது என்பதற்குக்கூட அவரிடம் பட்டியல் உண்டு.

'நூறு சதவீதம்னு போட்டிருக்கீங்க. நாப்பத்தி மூணு பேர்தான் இருக்காங்க' என்றாள்.

'நாப்பத்தி மூணு பேர்தான் விரும்பினாங்க. நாப்பத்தி மூணு பேருக்கும் குடுத்தாச்சு. நூறு சதவீதம்.'

'மத்தவங்க?'

'விரும்பல.'

'நூத்தி அறுபத்தொம்பது குடும்பம் விரும்பலையா?'

'எல்லாருக்கும் பதிவுத் தபால் போட்டோம்மா. இருபத்தெட்டு நாள் டைம். பதில் வரலைன்னா விருப்பம் இல்லைன்னு எடுத்துக்கணும், விதி அப்படி. நான் ஒருத்தரைக்கூட விடல, பட்டியல் இருக்கு, பாக்கறீங்களா?'

'எந்த முகவரிக்குப் போட்டீங்க?'

'நீங்க வாங்கிட்டு வந்த படிவத்துல இருந்த முகவரிக்குத்தான்.'

படிவத்தில் 'தற்போதைய முகவரி' என்று ஒரு கட்டம் உண்டு. கையெழுத்து வாங்கிய அன்று எல்லோருக்கும் தற்போதைய முகவரி அந்தக் குடியிருப்புதான். எங்கே குடிபோகப் போகிறோம் என்று அப்போது யாருக்குத் தெரியும்? கட்டடம், மாடி, கதவு எண் என்று அவளே தன் அழகான கையெழுத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு தடவை எழுதினாள். புது முகவரி கேட்டு வாங்க வேண்டும் என்று அவளுக்கும் தோன்றவில்லை, வேறு யாருக்கும் தோன்றவில்லை. கட்டடத்தைத் தரைமட்டமாக்கி ஒரு வருஷம் கழித்து, நிறுவனம் தான் இடித்த கதவுகளுக்கே தபால் போட்டிருக்கிறது.

'திரும்பி வந்துச்சா?'

எழுத்தர் காலைத் தூக்கினார். மேஜைக்கு அடியில், இதுவரை அவர் பாதம் வைத்திருந்த அட்டைப்பெட்டியைக் காலாலேயே வெளியே தள்ளினார். கட்டுக் கட்டாக உறைகள், ஒவ்வொரு கட்டுக்கும் ரப்பர் வளையம். பாவம், தபால்காரர் முதல் சில உறைகளில் 'இந்த முகவரியில் கட்டடம் இல்லை' என்று முழுதாக எழுதியிருந்தார். பிறகு 'கட்டடம் இல்லை'. கடைசிக் கட்டில் வெறும் 'இல்லை'. இரண்டாவது கட்டில் அக்காவின் உறை இருந்தது, ஒட்டியது ஒட்டியபடி.

'அந்த நாப்பத்தி மூணு பேருக்கு மட்டும் எப்படிப் போய்ச் சேர்ந்துது?'

'அவங்கல்லாம் விவரமானவங்க. நேர்ல வந்து கேட்டாங்க, போன் போட்டுத் தொல்லை பண்ணாங்க. கேட்டவங்களுக்குக் கையில குடுத்துட்டோம். மத்தவங்க ஒரு போன்கூடப் பண்ணலையே! அப்பவே தெரியலையா விருப்பம் இல்லன்னு?'

அந்த உறையை எடுத்துக்கொண்டு மேலாளர் அறைக்குப் போனாள். அவள் எதிர்பார்த்தது சத்தமும் மறுப்பும். மேலாளரோ கதை முழுவதையும் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

'உங்க சொந்த அக்காவா? ஏம்மா, மொதல்லயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? பார்வைக்கு வெச்ச மாடல் வீடு ஒண்ணு இருக்கு, தரைத்தளம். திரைச்சீலை முதற்கொண்டு எல்லாம் மாட்டியாச்சு. அதைக் குடுத்துடலாம், இன்னிக்கே கையெழுத்து போடறேன்.' அவர் முகத்தில் உண்மையான சந்தோஷம் இருந்தது. 'படத்துக்கும் ஆள் ஆச்சு பாருங்க. அக்கா சலவைக்கூடத்துல வேலை பாத்தாங்க, தங்கச்சி நம்ம கம்பெனில. இதைவிட நல்ல கதை கெடைக்குமா?'

'மத்தவங்க சார்?'

'மீதி வீடெல்லாம் வித்துப் போச்சும்மா. உங்களுக்கே தெரியும், அந்தக் கணக்கை எழுதினதே நீங்கதானே.'

'அவங்களுக்குக் கடுதாசி கிடைக்கல சார்.'

'கிடைச்சிருந்தா வந்திருப்பாங்கன்னு எழுத்துல ஏதாவது இருக்கா?' என்றார் மேலாளர், கோபமே இல்லாமல். 'அந்த வரில பொய் ஏதும் இல்லம்மா. நீங்களே படிச்சுப் பாருங்க.'

படித்துப் பார்த்தாள். பொய் இல்லைதான். நூற்று அறுபத்தொன்பது குடும்பம் தெருவில் நிற்க, ஓர் எழுத்துகூடப் பொய் இல்லாத வரி. அந்த இடத்தில் அவள் கத்தியிருக்க வேண்டும். பெட்டியைத் தூக்கி வந்து அவர் மேஜையில் கவிழ்த்திருக்க வேண்டும். கத்தவும் இல்லை, கவிழ்க்கவும் இல்லை. ஒதுக்கீட்டு உத்தரவை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள். அச்சுக்கு அனுப்பும் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள்.

அக்கா இப்போது இருப்பது நகரத்தின் கடைசியில், பாட்டரி பழுது பார்க்கும் கடைக்கு மேலே ஒற்றை அறையில். போய்ச் சேர இரண்டு பஸ் மாற வேண்டும். முன்பு வேலைக்குப் பத்து நிமிஷம் நடந்து போய்க்கொண்டிருந்தவள், இப்போது விடிவதற்கு முன்பே பஸ் நிறுத்தத்தில் நிற்கிறாள். படி செங்குத்து, கைப்பிடியும் இல்லை. அக்கா கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து, முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

'என்னடி இந்த நேரத்துல? வேலை ஒண்ணும் போயிடலையே?'

'இல்லக்கா.' உத்தரவை நீட்டினாள். 'வீடு வந்திருக்கு. தரைத்தளம். படியே ஏற வேண்டாம்.'

அக்கா கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். மேலிருந்து கீழ்வரை படித்தாள். முகம் மலர்ந்தது. 'நான்தான் சொன்னேனே' என்றாள். 'தையக்காரர் வாரா வாரம் போன் பண்ணி உசிரை எடுக்கறாரு. கசிவுகூட நேர்ல போய்க் கேக்கறேன்னு கிளம்பினாரு. போகாதீங்க, என் தங்கச்சி அங்கதான் இருக்கா, நேரம் வந்தா அவளே சொல்லுவா, ஆளாளுக்குப் போய் நின்னா அவ வேலைக்குத்தான் கெட்ட பேருன்னு எல்லாரையும் பிடிச்சு வெச்சிருக்கேன். அவங்களுக்கு எப்போ வருது?'

கேட்டவர்களுக்கெல்லாம் கையிலேயே கொடுத்தார்கள். கேட்கப் போனவர்களைப் பிடித்து நிறுத்தியவள் அக்கா. தங்கையின் மானத்தைக் காப்பாற்றவென்று நிறுத்தியவள்.

'நீ ஏன்க்கா என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல?'

'உன்கிட்டப் போய்ச் சந்தேகமா கேப்பாங்களா?'

எல்லாவற்றையும் சொன்னாள். படிவம், முகவரி, பெட்டி, இருபத்தெட்டு நாள், நாற்பத்து மூன்று. அந்த உறையையும் எடுத்துக் கட்டிலில் வைத்தாள். அக்கா திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அக்கா உறையைத் தொடவே இல்லை. கீழே கடையில் எதையோ சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார்கள். அக்கா தன் முட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது போன் அடித்தது. அக்கா பேரைப் பார்த்துவிட்டுத் தங்கையிடம் நீட்டினாள்.

'தையக்காரர். நீயே சொல்லு.'

அவள் வாங்கிக் காதில் வைத்தாள். 'யாரு, தங்கச்சியா? நல்லதாப் போச்சும்மா, நீயே எடுத்துட்டே' என்றது அந்தப் பக்கத்துக் குரல். 'இங்க வீட்டுக்காரன் காலி பண்ணச் சொல்லிட்டான். ஏதாவது தெரிஞ்சுதாம்மா?'

தொண்டை வரை வந்துவிட்டது உண்மை. அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள்.

'பரிசீலனைல இருக்குண்ணே' என்றாள் அறிக்கைக்காரி. 'கொஞ்ச நாள்ல முறைப்படி தெரிவிப்பாங்க.'

'உன் வாயால சொன்னாப் போதும்மா, நல்லா இரு' என்று சொல்லி வைத்துவிட்டார்.

பிறகு அக்கா உத்தரவை நான்காக மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தாள்.

'வேண்டாம்னு சொல்லத்தான் ஆசை' என்றாள். 'இந்தப் படி என்னைச் சொல்ல விடாது. எடுத்துக்கறேன். போட்டோவுல சிரிக்கணுமா, சும்மா நின்னாப் போதுமா?'

'அக்கா, ப்ளீஸ்...'

'நாளைக்கு ஒவ்வொருத்தர் வீடாப் போய் நானே சொல்லிடறேன். அவங்க காறித் துப்பினாலும் வாங்கிக்கறேன், நான் கையெழுத்து போடச் சொன்னவதானே. உன் பேரைச் சொல்ல மாட்டேன், பயப்படாத.'

தங்கை குலுங்கி அழுதாள். அக்கா அவள் தலையைத் தொடவில்லை. கட்டிலைப் பிடித்து மெல்ல எழுந்து, அறைக் கதவு வரை வந்தாள்.

'ஒண்ணு மட்டும் கேளு. அந்த வீட்டுக்கு நீ வராத.'

'வராம எப்படிக்கா இருப்பேன்?'

'இருந்துதான் ஆகணும்' என்றாள் அக்கா. 'நீ வந்து நின்னா நான் கதவத் தொறந்துடுவேன்டி. அதனாலதான் சொல்றேன், வராத.'