வெல்டிங் கடை ரெகுலேட்டர்

அருள்முருகனின் அறிவைப் பற்றி அவன் மனைவி சத்யப்பிரியாவுக்கு எந்தச் சந்தேகமும் கிடையாது. அவனுக்கு எல்லாம் தெரியும். தெரிந்ததை உரிய ஆளிடம் சொல்வது மட்டும்தான் ஆகாது. சிதம்பரத்து வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அவன் நீதிபதி. தம்பி சிலம்பரசன் முன்னால் கைகட்டி நிற்கும் டவாலி.

அந்தத் தம்பி துபாயில் சில காலம் இருந்துவிட்டு வந்தவன். கடலூர் கடற்கரைச் சாலையில் அண்ணன் தம்பி இருவருக்கும் பொதுவாக இருந்த ஹோட்டலின் பாரில் இனி குழாயில் பிடித்துத் தரும் பீர்தான் என்று அறிவித்துவிட்டான். எவர்சில்வர் பீப்பாயில் பீர் இருக்கும். பக்கத்துச் சிலிண்டரிலிருந்து வரும் கேஸ் அதைக் குழாய்க்குத் தள்ளும். எவ்வளவு அழுத்தத்தில் தள்ளுவது என்பதை நடுவில் இருக்கும் ரெகுலேட்டர் பார்த்துக்கொள்ளும்.

அன்று இரவுச் சாப்பாட்டில் அருள்முருகன் இதைப் பாடமாகவே எடுத்தான்.

"பீருக்குன்னு தனி ரெகுலேட்டர் இருக்கு சத்யா. ரெண்டு மீட்டர் வச்சது. ஒண்ணு சிலிண்டர்ல எவ்ளோ பாக்கின்னு காட்டும். இன்னொண்ணு பீப்பாவுக்குப் போற அழுத்தம். ஜாஸ்தியாப் போனா தானா வெளிய விட்டுடறதுக்கு ஒரு வால்வு. தம்பி வாங்கலாங்கற வெல்டிங் ரெகுலேட்டர் நிமிஷத்துக்கு எவ்ளோ கேஸ் போவுதுன்னுதான் சொல்லும். அத மூடுன பீப்பாவுல மாட்டுனா உள்ள அழுத்தம் ஏறிக்கிட்டே போவும், நமக்குத் தெரியவே தெரியாது."

"இத உங்க தம்பிகிட்ட சொல்லுங்க."

"சொல்றேன், சொல்றேன்."

கல்யாணமான நாளிலிருந்து அவள் அவன் வாயிலிருந்து கேட்க விரும்பியது ஒரே ஒரு 'வேணாம்'. தம்பியிடம் ஒருமுறை சொன்னால் போதும், இந்த மனிதனோடு மீதி நாளையும் மரியாதையாக ஓட்டிவிடலாம் என்று நினைத்திருந்தாள். ஒரு ரெகுலேட்டருக்காகவாவது அது வரட்டுமே என்று இப்போது காத்திருந்தாள்.

சிலம்பரசன் சிதம்பரத்தில் தன் சிநேகிதனின் வெல்டிங் சாமான் கடையிலிருந்தே ஒரு ரெகுலேட்டரை வாங்கி வந்தான்.

"கேஸ் ஒண்ணுதானண்ணே? ரெகுலேட்டர் மட்டும் தனி ஜாதியா?"

அருள்முருகன் அதைக் கையில் வாங்கிப் புரட்டினான். ஒற்றை மீட்டரைப் பார்த்தான். சத்யப்பிரியா அவன் உதடுகளைப் பார்த்தாள்.

"நல்ல கனமா இருக்குடா" என்றான்.

பீர்க் குழாய் திறப்பு நாளன்று முற்பகலில் பீப்பாய்க்குப் பூஜை நடந்தது. சந்தனமும் குங்குமமுமாக ஒரு பெரிய பொட்டு மீட்டர் கண்ணாடியின் நட்டநடுவில் விழுந்தது. முள் இருக்குமிடம்கூடத் தெரியவில்லை. கொஞ்சமாவது உண்மை சொல்லிக்கொண்டிருந்த அந்த ஒரு முகத்தையும் மங்களகரமாக மூடிவிட்டார்கள்.

பார்மேன் செபாஸ்டின் குழாயைத் திறந்தான். கிளாஸ் நிறைய நுரை வந்தது. கொட்டிவிட்டு மறுபடி பிடித்தான். மறுபடியும் நுரை.

"இன்னாப்பா, பீர் குடிக்கக் கூப்ட்டீங்களா, ஷேவிங் பண்ணக் கூப்ட்டீங்களா?" என்றார் பண்ருட்டி முந்திரி மண்டிக்காரர் ஒருவர். பார் முழுக்கச் சிரிப்பு.

"ஃபோர்ஸ் பத்தல" என்று சிலம்பரசன் ரெகுலேட்டரின் திருகை இன்னும் உள்ளே முறுக்கினான்.

"மீட்டரப் பாத்துத் திருப்புங்க" என்றாள் சத்யப்பிரியா.

"வச்ச பொட்ட இன்னிக்கே அழிக்கக் கூடாது அண்ணி."

அருள்முருகன் தோள் துண்டின் முனையை எடுத்தான். மீட்டரை நோக்கி ஒரு அடி வைத்தான். அவன் துண்டால் தன் நெற்றி வியர்வையை ஒற்றிக்கொண்டான்.

அடுத்த முறுக்கில் பீர் போகிற ட்யூப் கழன்று பாம்பு மாதிரி துள்ளியது. சிலம்பரசனின் பட்டுச் சட்டை, மண்டிக்காரரின் மடி, சாமி படம் எல்லாம் நுரை. எல்லோரும் பின்வாங்க, சத்யப்பிரியா போய்ச் சிலிண்டர் வால்வை மூடினாள்.

"அண்ணே, நீ பாத்துதான ஓகே சொன்ன?" என்றான் தம்பி, முகத்தை வழித்துக்கொண்டே.

"ஆமாடா. நான்தான் கவனிச்சிருக்கணும்."

இதுவரை அவன் வாய் திறக்காமல் இருப்பதைத்தான் அவள் இகழ்ந்திருந்தாள். வாய் திறந்தால் இதுதான் வரும் என்று இப்போது தெரிந்தது. தனக்குள் துழாவிப் பார்த்தாள். கோபம் இருக்கிறதா? இல்லை. கோபப்படுவதற்கு எதிரே ஒரு ஆள் நிற்க வேண்டும்.

சாயங்காலம் சிதம்பரம் திரும்பும்போது அவன் காரை ஓட்டியபடி எது எப்படித் தவறாகிப் போனது என்று விளக்கிக்கொண்டு வந்தான். வால்வு இல்லை, அழுத்தம் தெரியவில்லை, திருகைத் தளர்த்தியிருக்க வேண்டிய இடத்தில் முறுக்கினார்கள். ஒரு சொல்லும் பிழையில்லை. ஆலப்பாக்கம் தாண்டியதும் ஃபோன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டான்.

"அண்ணே, இதவிடப் பெரிய வெல்டிங் ரெகுலேட்டர் இருக்காம். அதான் தாங்குமாம். எடுத்துடட்டா?"

"எடுத்துடுடா."

சத்யப்பிரியா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "புதுச்சத்திரத்துல நிறுத்துங்க. நான் பஸ் புடிச்சு கடலூர் வழியா நெல்லிக்குப்பத்துக்கு, அம்மா வீட்டுக்குப் போறேன்."

"எப்ப வருவ?"

"வருவனான்னே தெரியல."

அவள் காத்திருந்தாள். ஒரு 'வேணாம்'. தம்பியிடம் வராதது தன்னிடமாவது வருமா என்று.

அவன் கண்ணாடியில் பின்னால் வண்டி வருகிறதா என்று பார்த்தான். முறையாக இண்டிகேட்டர் போட்டான். ஓரங்கட்டினான்.

"சரி" என்றான். "ரோட்டத் தாண்டி அந்தப் பக்கம் நில்லு. கடலூர் பஸ்ஸு அங்கதான் நிக்கும்."

அதுவும் சரியான தகவல்தான்.