ராஜம்மாளோடு போன கிணறு

ராஜம்மாள் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு வண்டியேறிய அன்று காலை, அந்த வீட்டின் பின்கட்டுக் கிணறும் அவளோடு கிளம்பிவிட்டது. அறுபத்து மூன்றாம் வருஷம், சித்திரை மாதத்து வெள்ளிக்கிழமை. செஞ்சியில் சந்தை நாள் என்பதால் பார்த்தவர்கள் ஏராளம். அன்றைக்கு ஆட்டுக்கிடா விலை கொஞ்சம் ஏறியிருந்ததையும் கிணறு ரோட்டில் போனதையும் இன்றும் ஒரே மூச்சில்தான் சொல்வார்கள்.

பஜாருக்குப் பின்னால் இருந்த அந்த ஓட்டு வீட்டுக்கு ராஜம்மாள் கல்யாணமான புதிதில் வந்தாள். புருஷன் தாண்டவராயன் ஜவுளிக்கடை வாசலில் மிஷின் போட்டுத் துணி தைப்பவன். வந்த நாளில் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியவில்லை, அத்தனை உப்பு. பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. ராஜம்மாள் உப்பை முறிக்க நெல்லிக் கட்டை வாங்கி உள்ளே இறக்கினாள். கோடைதோறும் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு தானே இறங்கித் தூர் வாரினாள். பிள்ளை இல்லாத வீடு. பகலெல்லாம் பேச ஆளில்லாமல், தண்ணீர் சேந்தும்போது கிணற்றோடு பேசிக்கொண்டிருந்தாள். சில வருஷங்களில் தண்ணீர் இளநீர் மாதிரி ஆயிற்று. அக்கம்பக்கம் பூராவும் குடத்தோடு வந்தது. வீட்டுக்காரர் சிங்காரவேலுச் செட்டியார் மட்டும் அந்தத் தண்ணீரைக் குடித்ததில்லை. பஜாரில் மளிகைக் கடை வைத்திருந்த அவர், மாதம் பிறந்ததும் வருவார், வாசலோடு நின்று வாடகையை வாங்கிக்கொண்டு போய்விடுவார். மற்றபடி கெட்ட மனுஷர் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் அரசாங்கம் வீட்டு வசதித் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. பழைய வீட்டை இடித்துவிட்டுத் தளம் போட்ட வீடாகக் கட்டினால் குறைந்த வட்டிக்குக் கடன் கிடைக்கும். தாலுகா ஆபீஸ் குமாஸ்தா, வாத்தியார் என்று குடித்தனக்காரர்களையும் அரசாங்கமே அனுப்பிவைக்கும். வீடு காலியாக இருக்க வேண்டும், மனையில் குடிதண்ணீர்க் கிணறு இருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. செட்டியாருக்கு ஆசை வந்துவிட்டது. ஒழுகுகிற ஓட்டைப் பிரித்துக் கட்டும்படி வருஷா வருஷம் அவரை நச்சரித்ததே ராஜம்மாள்தான். வெற்றிலை பாக்கு பழத்தோடு வந்தவர், உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் தவித்தார்.

"தப்பா நெனச்சிக்காத ராஜம்மா. கவர்மெண்டே பணம் குடுக்குது. வீடு காலியா இருந்தாத்தான் குடுப்பாங்களாம்."

"நாங்க கவர்மெண்டு உத்தியோகத்துல இல்லாம போயிட்டம், மொதலாளி," என்றாள் ராஜம்மாள். "எப்ப போவணும்?"

"சித்திரைக்குள்ள போனா போதும்."

அவள் அழவில்லை. சாமான்களை வண்டியில் ஏற்றிய பிறகு கிணற்றடிக்குப் போய், "நான் போறன். புதுசா வர்றவங்ககிட்ட மொரண்டு பண்ணாம இரு," என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்து ஏறிக்கொண்டாள். வண்டி தெருமுனை திரும்பும்போது பின்னால் ராட்டினம் கிறீச்சிட்டது. தையல் மிஷினை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த தாண்டவராயன்தான் முதலில் பார்த்தான்.

"ராஜம்மா, கெணறு வருது."

அவள் எட்டிப் பார்த்தாள். சுற்றுச்சுவரும் துவைகல்லும் இரண்டு பக்கத்துத் தூணுமாக, ஆழம் குறையாமல், கர்ப்பிணி நடப்பதைப் போல நிதானமாக வந்துகொண்டிருந்தது. அது கடந்து வந்த இடத்தில் மண் பழையபடி மூடிக்கொண்டது. கொஞ்சம் ஈரம் மட்டும் இருந்தது.

"வண்டிய மெதுவா ஓட்டச் சொல்லு," என்றாள். "தளும்புது."

சந்தைக்கு வந்த ஆடுகள் வழியை மறித்துக்கொண்டு தண்ணீர் குடித்தன. திருவண்ணாமலை பஸ் ஓரமாக நின்று வழிவிட்டது. பிரயாணிகள் இறங்கிக் கூஜாக்களை நிரப்பிக்கொண்டார்கள். நேரமாகிவிட்டதென்று கண்டக்டர் சத்தம் போட்டார், பிறகு அவரும் முகம் கழுவிக்கொண்டார். ராஜகிரிக் கோட்டை மேலிருந்து பார்த்தவர்களுக்கு, ஒரு மாட்டு வண்டியின் பின்னால் வட்டமான வானத்துண்டு ஒன்று போவதாகத் தெரிந்ததாம்.

அவர்கள் போய்ச் சேர்ந்தது பக்கத்துக் கிராமமான சிங்கவரத்துக்கு. ராஜம்மாளின் தம்பி இளையபெருமாள் அங்கே மானாவாரியாக மணிலாக் கடலை போட்டுக்கொண்டிருந்தான். எங்கே தோண்டினாலும் பாறை. நிலத்தின் ஓரத்தில் குடிசை போட்டுக்கொள்ள அக்காளுக்கு இடம் கொடுத்திருந்தான். கிணறு அந்த நிலத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, புங்கமரத்து நிழலில் உட்கார்ந்துகொண்டது.

"சீரு நான்தான செய்யணும் அக்கா?" என்றான் இளையபெருமாள். "நீ இன்னாடான்னா கெணத்தயே இட்டுகினு வந்துட்ட!"

அந்த வருஷம் அவன் நெல் நட்டான். ஊர்ப் பெண்கள் குடத்தோடு வரத் தொடங்கினார்கள். ராஜம்மாளுக்குப் பேச ஆள் போதாமல் இருந்தது போய், பேச நேரம் போதாமல் ஆயிற்று. ரவிக்கைத் துணிகள் தாண்டவராயன் மிஷினைத் தேடி வந்தன.

செஞ்சியில் செட்டியார் பாடுதான் கஷ்டமாகிவிட்டது. முதல் தவணைக் கடனில் வீட்டை இடித்தாயிற்று, புதுச் சுவரும் ஆள் உயரத்துக்கு எழும்பிவிட்டது. பார்வையிட வந்த அதிகாரி பின்கட்டுக்குப் போய், "கிணறு எங்கே?" என்றார். நடந்ததைச் சொன்னார்கள். அதெல்லாம் சரி, ஆனால் கிணறு இல்லாமல் அடுத்த தவணை வராது என்று சொல்லிவிட்டுப் போனார். செட்டியார் மூன்று இடத்தில் தோண்டிப் பார்த்தார். மலையின் வேர்தான் தட்டுப்பட்டது. அனந்தபுரத்திலிருந்து காளைகளைக் கொண்டுவந்து சிங்கவரத்துக் கிணற்றை வடம் போட்டு இழுத்தார். வடம் நனைந்தது, அவ்வளவுதான். மேளம் வைத்து அழைத்தார். உள்ளிருந்த தவளைகள் தாளம் போட்டன, கிணறு அசையவில்லை. தானாக நடந்து போன கிணற்றுக்குச் சட்டத்தில் இடமில்லை என்று தாசில்தார் கையை விரித்தார்.

புரட்டாசி வெயிலில் ஒரு நாள் செட்டியார் தனியாக நடந்தே சிங்கவரம் வந்தார். நாக்கு வறண்டு பேச்சே எழும்பவில்லை. ராஜம்மாள் சேந்தி ஒரு சொம்பு கொடுத்தாள். குடித்தார். இன்னொரு சொம்பு கேட்டுக் குடித்தார்.

"இது நம்ம கெணத்துத் தண்ணியா?"

"ஆமா மொதலாளி. நீங்க குடிச்சதே இல்லியா?"

அவர் சொம்பைக் கீழே வைத்தார். பிறகு உள்ளதைச் சொன்னார். கடனை அடைக்க, செஞ்சி பீரங்கிமேட்டில் தமக்கிருக்கும் வரிசை வீடுகளை விற்கப் போகிறார். அங்கே குடியிருக்கும் நான்கு குடும்பத்தையும் காலி செய்யச் சொல்லி எழுப்பியாக வேண்டும். ராஜம்மாளுக்கு அந்தக் குடும்பங்களைத் தெரியும். ஒருத்தி நிறைமாதமாக இருந்தாள். சாமான் ஏற்றிய வண்டியில் உட்கார்ந்து போவது எப்படி என்பதும் தெரியும்.

"அவங்கள எழுப்பாதீங்க," என்றாள். "மழை வரட்டும், பாக்கலாம்."

அன்று சாயங்காலம் அவள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு கிணற்றிடம் எல்லாவற்றையும் சொன்னாள். ஐப்பசியில் அடைமழை பிடித்தது. மழை விட்ட காலை, புங்கமரத்தடியில் பெரிய கிணற்றை ஒட்டி ஒரு குட்டிக் கிணறு இருந்தது. வாய் அண்டா அகலம், சுவர் முழங்கால் உயரம். உள்ளே ஒரு தவளைக்குஞ்சு. தண்ணீர் அதே ருசி. சிங்கவரத்துப் பெண்கள் வந்து சுவருக்கு மஞ்சள் குங்குமம் வைத்தார்கள், சுண்டல் கொடுத்தார்கள். கார்த்திகைக்குள் அது இடுப்பு உயரம் வளர்ந்து, வரப்பெல்லாம் ஓடித் திரிந்து இளையபெருமாளிடம் திட்டு வாங்கிற்று.

தை பிறந்ததும் ராஜம்மாள் அதைச் செஞ்சிக்கு நடத்திக்கொண்டு போனாள். செட்டியார் பாதி வழியில் எதிரே வந்து, குடை பிடித்துக் கூடவே நடந்தார். பீரங்கிமேட்டுக் குடும்பங்கள் முன்னால் போய்க் கல்லைப் பொறுக்கி வழியைச் சுத்தம் செய்தன. அந்த நிறைமாதக்காரி கைக்குழந்தையோடு வந்திருந்தாள். குட்டிக் கிணறு களைத்த இடத்திலெல்லாம் எல்லோரும் உட்கார்ந்தார்கள். மனைக்கு வந்ததும் அது இடம் பார்த்து இறங்கிற்று. பாறை அதற்கு வழிவிட்டது.

"மொதலாளி," என்றாள் ராஜம்மாள், "ஆள் வெச்சி எறைச்சா இது நிக்காது. நீங்களே தெனம் வந்து சேந்தணும். ரெண்டு வார்த்த பேசணும்."

"இன்னா பேசறது?"

"கடையில நடந்தத சொல்லுங்க."

அதிகாரி வந்து பார்த்தார், தண்ணீர் குடித்தார், தவணை வந்தது. பீரங்கிமேட்டில் யாரும் வீட்டைக் காலி செய்யவில்லை. தளம் போட்ட வீட்டுக்கு ஒரு வாத்தியார் குடும்பம் வந்தது. செட்டியார் விடியும்போதே பின்கட்டில் வந்து நின்று, மிளகாய் விலை ஏறியதையும் வெல்லத்தில் எறும்பு பிடித்ததையும் சத்தமாகச் சொல்லிக்கொண்டு தண்ணீர் சேந்துவார். வாத்தியார் வீட்டில் முதலில் திடுக்கிட்டார்கள், பிறகு அவருக்கும் சேர்த்துக் காபி போட்டார்கள். அறுபத்தாறில் வாத்தியாருக்கு மாற்றல் வந்து வண்டி கிளம்பியபோது கிணறு அசையவில்லை.

சந்தைக்கு வரும் வெள்ளிக்கிழமைகளில் ராஜம்மாள் செட்டியார் வீட்டுப் பின்கட்டில் ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டுத்தான் சிங்கவரம் பஸ் ஏறுவாள். அவளை வழியனுப்பக் கிணறு ரோடு வரைக்கும் போகும். சைக்கிள்காரர்கள் மணியடித்து ஒதுங்கிப் போவார்கள். அது திரும்பி வரும் வரை செட்டியார் வாளியைக் கையில் வைத்துக்கொண்டு பின்கட்டில் நின்றிருப்பார்.

"பஸ் ஒடனே கெடச்சிதா?" என்று கேட்டுக்கொண்டே வாளியை உள்ளே விடுவார்.