தீர்த்தகிரி அடித்த ஆயிரம் கார்டு

பெட்டியைப் பிரித்து மேலே இருந்த விசிட்டிங் கார்டைப் பார்த்ததுமே ரஞ்சிதாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. தங்க எழுத்தில் தீர்த்தகிரி. பக்கத்தில் கைகூப்பிச் சிரிக்கும் தீர்த்தகிரி. மேலே முருகன், கீழே பன்னிரண்டு வகை வேலைகளின் பட்டியல். அதில் ஏழு வேலை அவருடைய ஷெட்டில் யாருக்குமே தெரியாது. அதையும் தமிழ், இங்கிலீஷ், கன்னடம், தெலுங்கு என்று நாலு மொழியில் எறும்பு சைஸ் எழுத்தில் திணித்திருந்தார். இரண்டு செல் நம்பர், இரண்டும் அவருடையவை. பின்பக்கம் முழுக்க ஷெட்டின் கலர் போட்டோ. அவள் பெயர் எங்கேயும் இல்லை.

சாத்தூரிலிருந்து டிப்ளமோவோடு ஓசூருக்கு வந்தவள் ரஞ்சிதா. சிப்காட்டுக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சின்ன இன்ஜினியரிங் ஷெட்டில் நாலு வருஷமாக டிசைன் வேலை மொத்தமும் அவளுடையது. இடமும் மெஷினும் தீர்த்தகிரியுடையவை, பரம்பரை நிலத்தில் எழுப்பியவை. டிராயிங்கைக் கையில் கொடுத்தால் மனிதர் தலைகீழாகப் பிடிப்பார். ‘அடுத்த கார்டுல பார்ட்னர்னு உன் பேரப் போட்டுடலாம்மா’ என்று ஆயுதபூஜையன்று எல்லார் முன்னாலும் சொன்னவரும் அவர்தான். அந்த வார்த்தையை நம்பித்தான் பெங்களூரில் கிடைத்த வேலையை அவள் உதறியிருந்தாள்.

“என் பேரு எங்கண்ணே?”

“எடம் பத்தலமா. கார்டு அடிக்கறவன் சொல்லிட்டான்.”

“முருகனுக்கு எடம் இருக்கு, தெலுங்குக்கு எடம் இருக்கு. எனக்கு மட்டும் பத்தலையாக்கும்?”

“ஷெட்டு யாருதுமா? என் பேரு இருந்தாத்தான் மதிப்பானுங்க. பொம்பள பேரு போட்டா டெய்லர் கடைன்னு நெனச்சிக்குவான்.”

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கார்டைத் திருப்பினாள். “பின்பக்கத்தையாவது வெறுமன விட்டிருக்கலாம்ல? எத்தன தடவ தலபாடா அடிச்சுக்கிட்டேன்!”

அவள் சொன்னதில் விஷயம் இருந்தது. அந்த வட்டாரத்தில் பர்ச்சேஸ் ஆபீஸ்காரர்களுக்கு ஒரு பழக்கம். பிடித்துப்போன வெண்டரின் கார்டைத் திருப்பி, பார்ட் நம்பரையும் கூப்பிட வேண்டிய ஆளின் பெயரையும் பின்னால் எழுதி, டிராயிங்கோடு பின் அடித்து உள்ளே அனுப்புவார்கள். லைனில் மெஷின் நின்றால் போன் வருவது அந்தக் கார்டைப் பார்த்துத்தான். தீர்த்தகிரியோ இரண்டு பக்கமும் லேமினேஷன் போட்டு கண்ணாடி மாதிரி வழுக்க விட்டிருந்தார்.

“எழுதறதுக்கு அவுங்ககிட்ட நோட்டு இல்லியா? பாத்தா பளபளன்னு இருக்கணும். நீ போய் கம்ப்யூட்டரப் பாரு.”

புதன்கிழமை காலை இரண்டு பேரும் பம்ப் கம்பெனிக்குப் போனார்கள். துளை போடும்போது பம்ப்பின் மேல்கூட்டை ஆடாமல் பிடித்துக்கொள்ளும் ஃபிக்சர், மொத்தம் ஆறு. கிடைத்தால் வருஷம் முழுக்க அந்தக் கம்பெனி வேலைதான். மூன்று வாரம் உட்கார்ந்து ரஞ்சிதா டிசைன் செய்திருந்தாள். இந்த வேலை முடிந்தால், கார்டில் பெயர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், செய்தது யார் என்று சிப்காட்டுக்கே தெரிந்துவிடும் என்று நினைத்திருந்தாள்.

பர்ச்சேஸ் மேனேஜர் பிரியதர்ஷினி சிரிக்காத பெண். தீர்த்தகிரி கார்டை இரண்டு கையாலும் நீட்டினார்.

“இவங்க?”

“நம்ம ஆபீஸ் பொண்ணு மேடம். ஃபைல் தூக்கிக்கினு வந்திருக்குது.”

ரஞ்சிதாவின் காது மடல் சுட்டது. பிரியதர்ஷினி கார்டைத் திருப்பி எழுதப் பார்த்தார். பேனா வழுக்கியது. இன்னொரு பேனா எடுத்தார். அந்த மை ஷெட் போட்டோவின் மேல் பரவி விரலில் ஒட்டியது. டிஷ்யூவால் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“டெக்னிக்கலா யார்கிட்ட பேசணும்?”

“எல்லாத்துக்கும் நான்தான் மேடம். ரெண்டு நம்பரும் என்னுதுதான்.”

“சரி, சொல்லுங்க. இந்தக் கூட்டோட சுவர் நாலு எம்எம்தான் இருக்கு. கிளாம்ப் போட்டு இறுக்குனா வளைஞ்சிடாதா?”

மூன்று வாரத்தில் பாதியை ரஞ்சிதா அந்த ஒரு கேள்வியோடுதான் மல்லுக்கட்டியிருந்தாள். சுவரைத் தொடவே கூடாது, மேலே இருக்கும் விலா எலும்பு போன்ற பட்டையில் அழுத்த வேண்டும். பதில் அவள் மடியில் இருந்த ஃபைலில் நாலாவது பக்கம். தீர்த்தகிரி அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள். பேசு, உன் வாயால் நீயே பேசு என்று மனதுக்குள் கறுவினாள்.

“இரும்பு மேடம், எங்க வளையும்? நாங்க கேரண்டி!”

“அது அலுமினியம் சார்.”

“அலுமினியம்னாலும் நல்ல அலுமினியம்தானுங்களே.” அவர் கழுத்தில் வேர்வை இறங்கியது. “ரஞ்சிதா, மேடத்துக்குச் சொல்லுமா.”

“நான் ஃபைல் தூக்க வந்தவ அண்ணே. எனக்கென்ன தெரியும்?”

பிரியதர்ஷினி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கார்டை மேஜையின் மேல் தள்ளித் திருப்பிக் கொடுத்தார். கொடுத்த கார்டு திரும்பி வந்தால் அந்தக் கம்பெனிப் பக்கம் இனி போக வேண்டாம் என்று அர்த்தம்.

பார்க்கிங்கில் தீர்த்தகிரி வெடித்தார். “வாயத் தொறந்திருந்தா ஆர்டர் நமக்குத்தான்! வேணும்னே பண்ண, இல்ல?”

“ஆமா. வேணும்னேதான் பண்ணேன்.”

“சோறு போட்ட எடத்துக்குத் துரோகம் பண்றியா?”

“சோறா? உங்க ஷெட்டுல வெளக்கு எரியறதே என் டிராயிங்ல. ஆயிரம் கார்டு இருக்கில்ல, ஒவ்வொண்ணா நீட்டி நீங்களே வேல வாங்கிக்கோங்க. இன்னையோட நான் நின்னுக்கிறேன்.”

சொல்லி முடித்ததும் நெஞ்சு ஜில்லென்று இருந்தது. நாலு வருஷத்தில் இப்படி ஒரு சந்தோஷம் அவளுக்கு வந்ததில்லை. அந்த வேகத்தோடு, கேட்டில் வாங்கிய விசிட்டர் பாஸைத் திருப்பிக் கொடுக்காமல், ஃபைலை அணைத்துக்கொண்டு மறுபடி உள்ளே போனாள். தனியாக எடுத்துச் செய்வோம், மெஷினை எங்காவது வாடகைக்குப் பிடித்துக்கொள்ளலாம் என்று நடக்கும்போதே கணக்குப் போட்டுவிட்டாள்.

பிரியதர்ஷினி ஃபைலின் நாலாவது பக்கத்தை நின்றபடியே பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“நீங்க பண்ணதா?”

“நான்தான் மேடம். முழுசும்.”

“நல்லா இருக்கு. இதுதான் சரி.” ஃபைலை மூடினார். “அப்போ அஞ்சு நிமிஷம் முன்னாடி இது உங்களுக்குத் தெரியும்.”

“தெரியும் மேடம். ஆனா அவரு என் பேரக் கூட...”

“அது உங்க சண்டை. நான் கேட்டது என் லைனுக்காக. நாளைக்கு அங்க ராத்திரி ஷிப்ட்ல ஒரு பீஸ் உடையும். உங்களுக்கு யார் மேலயாவது கோபம் இருக்கும். தெரிஞ்சும் தெரியாதுன்னு சொல்லுவீங்க. அவருக்கு வேலை தெரியல, கத்துக்கலாம். உங்கள நான் என்ன பண்றது?”

ஃபைலை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

ரஞ்சிதா வெளியே வந்தபோது தீர்த்தகிரி காரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். கோபம் வடிந்து, மூஞ்சியில் ஆசை தெரிந்தது. “என்னாமா சொன்னாங்க? குடுக்கறாங்களாமா?”

அவள் அவரைப் பார்த்தாள். கேட்டில் பாஸைக் கொடுத்துவிட்டு, பஸ் ஸ்டாப் இருக்கும் பக்கமாக நடந்தாள்.