இரண்டு டிஸ்க் பெட்டி

ஐஸ் பெட்டியை ஹாலில் இறக்கிவிட்டு, அதன் பிளக்கைக் கையில் பிடித்தபடி டிரைவர் சுவரோரம் குனிந்தார். ஹெப்சி குறுக்கே வந்து நின்றாள்.

"அதப் புடுங்காதீங்கண்ணா."

சுவிட்ச் போர்டில் மாட்டிய ஒயர், கீழே கறுப்பாக இருந்த ஒரு சின்னப் பெட்டிக்குப் போனது. அதில் இரண்டு பச்சை விளக்குகள் துடித்துக்கொண்டிருந்தன. பக்கத்தில் பழைய ஹார்ட் டிஸ்க் கரகரவென்றது.

"வேற பிளக்கு இல்லியாம்மா? சின்னதுல போட்டா லோடு தாங்காது."

வீட்டில் பெரிய பிளக் பாயிண்ட் அது ஒன்றுதான். மற்றதெல்லாம் லூசாகிப் போனவை. அதனால்தான் அப்பாவும் அதில் மாட்டியிருந்தார்.

அந்தக் கறுப்புப் பெட்டி அப்பா நாலு மாதம் தேடி வாங்கியது. நாலு டிஸ்க் போடுவதா, இரண்டு போதுமா என்று தோல் கம்பெனியில் கம்ப்யூட்டர் பார்க்கும் சமீருல்லாவோடு தினமும் போனில் வாதாடினார். "ஒண்ணு போனாலும் இன்னொண்ணு நிக்கணும், அவ்ளோதான்" என்று கடைசியில் இரண்டு டிஸ்க் பெட்டியையே எடுத்தார். நேற்று சாயங்காலம் பழைய டிஸ்கில் இருந்ததையெல்லாம் அதில் காப்பி ஆக ஓடவிட்டார். விடிகாலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தவர் எழவில்லை.

பழைய டிஸ்கைப் பார்த்து சமீருல்லா முன்பே சொல்லியிருந்தார்: "ஒருவாட்டி நின்னா மறுபடி சுத்தாது அங்கிள்."

"இன்னாடி இது?" என்றாள் கிரேஸி அத்தை. அப்பாவின் தங்கை. "எங்கண்ணன் இப்டி கெடக்கறாரு, நீ மெஷினுக்குக் காவல் நிக்கிற. வெயில் ஏறுது. மஸ்கட்லேர்ந்து உன் தம்பி வர்றதுக்கு நாளைக்கி ஆவும்."

நாலு பேர் முன்னால் ஹெப்சிக்குப் பேச வராது. செல்லை நீட்டினாள். காப்பி ஆனது தொண்ணூற்றேழு சதவீதம்.

"இன்னும் அரைமணி நேரம் அத்தை."

"அப்டி இன்னா இருக்குது அதுல?"

"அம்மா பாடனது. வேற எங்கியும் இல்ல."

அம்மா போய் ஏழு வருஷம் ஆகிறது. அத்தை, சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்தில் அண்ணன் கிடந்த கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி மீன் கழுவிக்கினே பாடுவாங்களே. அதுவுமா?"

"ம்."

"எனக்கு நேரமாவுதும்மா," என்றார் டிரைவர்.

"டீ வருது, குடிச்சிட்டுப் போப்பா," என்றாள் அத்தை.

பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து, சுவிட்ச் போர்டை முதுகால் மறைத்து உட்கார்ந்தாள். விசிறியை எடுத்து அண்ணன் முகத்துக்கு மேல் மெதுவாக வீசினாள்.

துக்கம் கேட்க ஆட்கள் வரத் தொடங்கினார்கள். பெண்கள் கட்டிக்கொள்ளக் கை நீட்டினார்கள். அத்தை எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே கை கொடுத்தாள்.